அரைப் பேரும் முழுப் பேரும்

சென்ற ஆண்டு மாசி மாதம், காமன் கூத்து ஒத்திகையைப் பற்றிப் பேசுவதற்காக எமது சங்கம் கூடியபோது நிகழ்ந்த ஒரு சிறு உரையாடலே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. கூத்துக்கு ஆள் போதவில்லை என்ற கவலையோடு தொடங்கிய கூட்டத்தில், முதியவர் ஒருவர் எழுந்து மனம் வெதும்பிப் பேசினார். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தான், தன் படிப்பு, தன் சம்பளம், தன் கைப்பேசி என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தோட்டம் என்ற எண்ணமே போய்விட்டது. எல்லாம் தனிமனிதப் போக்கு!” என்றார். அதற்குக் கொழும்பில் வேலை பார்த்து விடுமுறைக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் எழுந்தார். மரியாதையில் குறைவின்றித்தான் கேட்டார்: “தாத்தா, நீங்கள் முப்பது வருஷம் ரதி வேடம் கட்டினீர்கள். உங்கள் பேர் எங்கேயாவது எழுதியிருக்கிறதா?”

கூட்டம் சிறிது நேரம் பேச்சற்றிருந்தது. பெரியவரின் குறையும் மெய்; இளைஞரின் கேள்வியும் மெய். இரண்டும் எவ்வாறு ஒருங்கே மெய்யாக இருக்கக்கூடும் என்பதை அறிய வேண்டுமாயின், இம்மலைநாட்டில் ‘பேர்’ என்பது என்னவாக இருந்து வந்திருக்கிறது என்பதை நாம் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

தோட்டத்துத் தமிழில் பேர் என்ற சொல்லுக்கு வேறெந்தத் தமிழ் நாட்டிலும் இல்லாத ஒரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலையைப் பதிவதற்குப் பேர் போடுதல் என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவளுக்கு முழுப் பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். “இன்றைக்கு அரைப் பேர்தான் விழுந்தது” என்று சொல்லிக்கொண்டு மழையில் நனைந்து லயத்துக்குத் திரும்பிய அன்னையரை நம்மில் பலர் அறிவோம். பெற்றவர் நல்ல நாள் பார்த்து வைத்த பெயர், கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் ஒரு நாட் கூலியாகி, அதுவும் பாதியாக வெட்டப்படக்கூடிய ஒன்றாயிற்று. இச்சொல் எமது வரலாற்றின் ஒரு பெரும் பகுதியைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கின்றது.

கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களில் வழியில் மாண்டவர் எத்தனையோ ஆயிரவர். அவர்கள் பெயர்களை எழுதி வைத்தார் இலர். 1823ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு, இருநூறு ஆண்டு நிறைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எம்மக்கள் நடந்து சென்றார்களல்லவா? அந்நடை பெயரற்றுப் போன அம்முன்னோர்க்குச் செய்த நீர்க்கடனேயாகும்.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பின்னர் இலைநோயால் கோப்பி அழிந்து, தேயிலை மலையெங்கும் பரவிற்று. கோப்பிக்குப் பருவத்தில் வந்து திரும்பியவர்கள், ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் தேயிலைக்காகக் குடும்பத்தோடு இங்கேயே தங்கினர். தங்கியவர்களை எண்ணவும் பிடித்து வைக்கவும் முறைகள் பல எழுந்தன. அவற்றுள் ஒன்று ‘துண்டு’. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்ல விரும்பும் தொழிலாளியின் கடனைக் குறிக்கும் சீட்டு அது. அக்கடனை ஏற்கும் தோட்டத்துக்கே அவன் போகலாம். அச்சீட்டில் அவனைப் பற்றி முக்கியமாக அறிய வேண்டியது அவன் கடனேயன்றி அவனல்லன். துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. இன்னொன்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகர வில்லை. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் குத்திய அத்தகரத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டே தமிழ்நாட்டிலிருந்து எம்மவர் மலையேறினர்.

சுதந்திரம் வந்த பின்னும் இலக்கம் போகவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வோம் என்பது அதன் சாரம். தமிழில் ‘பேர்’ என்பது பெயரையும் குறிக்கும், ஆளை எண்ணும் எண்ணிக்கையையும் குறிக்கும். எம்மவர் வெகுகாலம் இரண்டாவது பொருளில் மட்டுமே பேராக இருந்தனர். 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்குப் பெரும்பாலும் முடிவு கட்டியது.

இவ்வாறிருக்க, ‘தனிமனிதப் போக்கு’ என்று நாம் இன்று கடிந்துரைப்பதை அக்கால எம் முன்னோரிடம் சென்று சொல்லியிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பர்? தனிமனிதனாக நடத்தப்படுவதே அவர்கள் கேட்டுக் கிடைக்காத வரம் என்றே சொல்லியிருப்பர்.

இனி, இச்சொல் பிறந்த இடத்தையும் சற்று நோக்குவோம். ஐரோப்பாவில் இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் சொல். பிரெஞ்சு நாட்டறிஞர் தொக்வில், அமெரிக்க மக்களாட்சியைப் பற்றிய தம் நூலின் 1840இல் வெளியான பகுதியில் இதனைப் புதிய எண்ணத்துக்கு வந்த புதிய சொல் என்றார். தன்னலம் பழைய குற்றம், இது வேறு, மனிதன் தன் குடும்பமும் நண்பரும் கொண்ட சிறு வட்டத்துள் அமைதியாக ஒதுங்கிக்கொண்டு, பெரிய சமுதாயத்தை அதன் போக்கில் விட்டுவிடுவது என்பது அவர் கருத்து. இருபது ஆண்டுகள் கழித்து, 1860இல், சுவிற்சர்லாந்து அறிஞர் பர்க்ஹார்ட் மறுபக்கத்தைக் காட்டினார். இடைக்காலத்து மனிதன் தன்னைக் குலத்தின், கூட்டத்தின், தொழிற்குழுவின் உறுப்பாக மட்டுமே அறிந்திருந்தான் என்றும், இத்தாலிய மறுமலர்ச்சியிலேயே ‘நான்’ என்ற தன்னுணர்வு விழித்தெழுந்து கலையையும் அறிவையும் வளர்த்தது என்றும் அவர் எழுதினார். எமது பெரியவர் தொக்வில்லின் பக்கம் நின்றார். எமது இளைஞர் பர்க்ஹார்ட்டின் பக்கம் நின்றார். இருவரும் அந்நூல்களைப் படித்தவர் அல்லர். ஆயினும் வழக்கு அதுவேதான்.

எமது சொந்த மரபு இவ்வழக்கில் என்ன சொல்லுகிறது? இந்தியப் பண்பாட்டில் தனிமனிதனுக்கு இடமில்லை, கலைஞன் பெயர் சொல்லான், எல்லாம் இறைவனுக்கே என்று கூறுவாருமுளர். அதில் உண்மை உண்டு. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை வார்த்தெடுத்த கைகளுக்குரியோர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அதுவே முழு உண்மையன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட நானூறு ஆடல் மகளிரின் பெயர்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டப்பட்டுள்ளன. ஒவ்வொருத்தியும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு அவளுடையது, அவளுக்குரிய பங்கு எவ்வளவு என்பனவெல்லாம் கல்லிலுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நானூறு பெண்களைத் தனித்தனியே பேர் சொல்லி எழுத முடிந்திருக்கிறது. கோயிலுக்கு அவர்கள் ஒரு கூட்டம், ஆயினும் இலக்கமல்லர்.

சங்க நூல்களைத் தொகுத்தோரும் இவ்வகையில் ஒரு நல்ல வழியைக் காட்டினர். பாட்டுக் கிடைத்துப் பாடியவர் பெயர் கிடைக்காதபோது, அப்பாட்டிலிருந்தே ஓர் அரிய தொடரை எடுத்து அவருக்குப் பெயராக இட்டனர். செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பன அத்தகைய பெயர்கள். பெயர் தொலைந்தாலும் பேரில்லாமல் விடலாகாது என்று நினைத்த மரபு எம்முடையது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இனி எமது கூத்துக்கு வருவோம். மாசி வளர்பிறையில் கம்பம் ஊன்றியது முதல் காமன் பொட்டல் தோட்டத்தின் நடுவிடமாகி விடுகிறது. சிவனின் தவத்தைக் கலைக்கச் செல்லும் மன்மதன், போகாதே என்று தடுக்கும் ரதி, நெற்றிக்கண்ணின் தீ, இறந்த கணவனுக்காக இரதி புலம்பும் புலம்பல், எமன், தூதன், வீரபத்திரர் என வேடங்கள் விடியும்வரை வந்துகொண்டேயிருக்கும். வேடத்துக்கேற்பத் தப்பின் அடி மாறும். அதே தப்புத்தான் ஒரு காலத்தில் விடியுமுன்னே பிரட்டுக்கு ஆளெழுப்பிற்று என்பதையும் முதியோர் அறிவர். பகலெல்லாம் துரைக்கும் கங்காணிக்கும் அஞ்சி நின்றவன், அன்றிரவு மட்டும் எமனாக நின்று எல்லோரையும் அஞ்சவைத்தான். செக்ரோலில் அரைப் பேராக இருந்தவன் பொட்டலில் முழுத் தெய்வமானான்.

கூத்தில் தனிமனிதன் இல்லை என்று சொல்வது மேற்பார்வைக்குச் சரி. வேடம் கட்டியவனை அன்றிரவு யாரும் அவன் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மன்மதன் என்றே கைகூப்புவர். ஆயினும் பத்து ஆண்டு கழித்துக் கேட்டுப் பாருங்கள். “அந்த வருஷம் ரதி கட்டினவர் அழுதது போல் பிறகு யாரும் அழவில்லை” என்று தோட்டம் முழுவதும் சொல்லும். ஒரே பாட்டை, ஒரே அடியை, ஒரே கதையைத்தான் எல்லோரும் ஆடினர். அதனாலேயே ஒருவர் மற்றவரினின்று எவ்வாறு வேறுபட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பொதுவான கதை ஒன்று இருந்தமையால் தனித்திறன் புலப்பட்டது. பொதுக் கதை இல்லாவிடில் யார் நன்றாக ஆடினார் என்று சொல்ல அளவுகோலே இல்லாமற் போகும்.

அதே வேளையில் கூத்தின் குறையையும் மறைத்தல் ஆகாது. பல தோட்டங்களில் எல்லாருக்கும் எல்லா வேடமும் கிடைத்ததில்லை. தப்பு அடிக்க ஒரு சாதி, முக்கிய வேடம் கட்ட வேறொரு சாதி என்றிருந்தது. ரதியே கதைக்கு உயிர். ஆனால் அவ்வேடத்தையும் ஆணே கட்டினான். பாடத் தெரிந்த பெண்கள் வெளியே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தனர். எம் தப்புக்காரர் கை தேய அடித்தனர்; விருந்தில் அவருக்குப் பந்தி தனியாக இருந்தது. “எல்லோரும் ஒன்றாக இருந்தோம்” என்று பழைய காலத்தைப் புகழும்போது அவ்வொன்றினுள் யாருக்கு எந்த இடம் இருந்தது என்பதையும் கேட்டல் முறையாகும். இளைஞர் சிலர் கூத்தை விட்டு விலகியதற்குக் கைப்பேசி மட்டும் காரணமன்று; தாத்தனுக்குக் கிடைத்த இடத்தையே தானும் ஏற்க வேண்டும் என்ற கட்டளையும் ஒரு காரணமாகும்.

பாட்டிலிருந்து எழுத்துக்கு வரும்போது தனிக்குரல் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. எமது தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலைப் பாட்டும் யார் கட்டியவை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கோதண்டராம நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சங்கம் கண்டு மலைமலையாகச் சென்றபோது, அவர் மனைவியார் மீனாட்சி அம்மாள் மேடையேறித் தாமே கட்டிய பாட்டுகளைப் பாடினார். 1940இல் அவை சிறு புத்தகமாக வெளிவந்தன. ஒரு பெண் தன் பெயரோடு, தன் குரலில், ஆயிரம் தொழிலாளர் முன்னிலையில் பாடியது எமது கலை வரலாற்றில் சிறிய நிகழ்ச்சியன்று. பாடியது ஒருத்தி, பாட்டின் பொருளோ கேட்டோர் அனைவரின் வாழ்க்கை.

வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். மறு ஆண்டே அவருக்கு வாக்களித்த மக்களின் குடியுரிமை பறிபோயிற்று. 1954இல் தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலத்தில் கவிதை நூலாக வெளியிட்டார். அதைச் சக்தி பாலையா தமிழாக்கினார். தன் குரலில் எழுதி உலகறிந்த அக்கவிஞர் தம் இறுதிக் காலத்தில் செய்த வேலை எது? தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் திரட்டிய பெயரற்றோர் பாடல்களை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று 1983இல் நூலாக்கினார். அடுத்த ஆண்டு மறைந்தார். தன் பெயரை நிலைநாட்டிய ஒருவர், பெயர் இல்லாதவருக்காகத் தம் பெயரைக் கொடுத்தார் என்றே நாம் இதைப் படிக்கின்றோம்.

அவருக்குப் பின் வந்த எழுத்தாளரின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: தெளிவத்தை ஜோசப், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு. ஊரின் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. ஜோசப் பதுளைப் பகுதியில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். ‘காலங்கள் சாவதில்லை’ என்ற நாவலை எழுதியவர். 2013இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது பெற்றபோதும் அத்தோட்டத்தின் பெயர் அவரோடு மேடையேறிற்று. 2022இல் அவர் மறைந்தபோதும் அப்பெயர் அவரோடிருந்தது. ஒரு காலத்தில் தோட்டம் தன் இலக்கத்தை மனிதன் கழுத்தில் கட்டிற்று. பிறகு மனிதன் தானாகவே தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு அணிந்துகொண்டான். முன்னது அடிமைத்தனம், பின்னது உரிமை. தஞ்சைக் கல்வெட்டிலும் பெயரும் ஊரும் சேர்ந்தே இருந்தன என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

விளையாட்டில் இவ்வினா மேலும் கூர்மையாகிறது. கலையில் பெயர் மறைந்திருக்கலாம். ஓட்டக் கணக்கில் மறையாது. டிக்கோயாவின் தரவளையிலும் லிந்துலைக்கு அண்மையில் ராதல்லையிலும் துரைமார் தமக்கென மைதானமும் மன்றமும் அமைத்துக் கிரிக்கெட்டும் றகரும் ஆடினர். எம்மவருக்கு அங்கிருந்த வேலை பெரும்பாலும் புல் வெட்டுவதும் பந்து பொறுக்குவதுமே. நமது பிள்ளைகள் லயத்து வாசலில் சடுகுடுவும், சிறு வெளிகளில் கரப்பந்தும் ஆடினர்.

அம்மலைகளுக்கு 1920இல் தேயிலைத் தோட்டத் தொழிலுக்கென வந்த ஒருவரின் பேரனே முத்தையா முரளிதரன். பாட்டனார் பின்னர் தமிழ்நாடு திரும்பினார். தந்தையார் கண்டியில் தங்கித் தொழில் நடத்தினார். 1972இல் பிறந்த முரளி கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப் பந்தே வீசினார். பதினான்கு வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொன்னதைக் கேட்டுச் சுழற்பந்துக்கு மாறினார். 1992இல் கொழும்பில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார்.

அவர் கையோ மற்றவர் கையைப் போன்றதன்று. பிறவியிலேயே முழங்கையை முற்றாக நீட்ட இயலாது. 1995 டிசம்பர் 26ஆந் திகதி மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் டெரல் ஹெயார், முரளி பந்தை எறிகிறார் என்று ஏழு முறை ‘நோ போல்’ அறிவித்தார். பெருங்கூட்டத்தின் நடுவே ஒரு மனிதன் இவ்வளவு தனியனாக நிற்கக் கண்டவர் குறைவு. ஆனால் அவர் தனியனாக விடப்படவில்லை. அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்கவும் தோழர்களும் அன்றும் பின்னரும் அவர் பக்கம் நின்றனர். பல்கலைக்கழகங்களில் அவர் கை சோதிக்கப்பட்டது. காலப்போக்கில் மற்றப் பந்துவீச்சாளரின் கைகளையும் கருவிகொண்டு அளந்தபோது, கண்ணுக்கு நேராகத் தோன்றிய கைகளும் மடங்கி நிமிர்வது தெரிந்தது. 2005இலிருந்து பதினைந்து பாகை வரை எல்லோர்க்கும் பொதுவான எல்லையாயிற்று. ஒருவனுடைய வேறுபாட்டைக் குற்றம் என்று தள்ளாமல் நின்று ஆராய்ந்தமையால் எல்லோரையும் பற்றிய உண்மை வெளிப்பட்டது. தனித்தன்மையைப் பொறுத்துக்கொள்ளும் சமூகத்துக்குக் கிடைக்கும் பயன் இதுவாகும்.

இன்னொரு நிகழ்ச்சி. 2002 ஜனவரியில் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் சிம்பாப்வேக்கு எதிராக முதல் நாளே ஒன்பது விக்கெட்டுகளை முரளி வீழ்த்தினார். பத்தும் ஒருவருக்கே விழுவது டெஸ்ட் வரலாற்றில் மிக அரிது. மறுநாட் காலை அருகில் நின்ற ரசல் ஆர்னல்டின் கையிலிருந்து ஒரு பிடி நழுவிற்று. பின்னர் மறுமுனையில் சமிந்த வாஸ் வீசிய பந்தில் கடைசி ஆட்டக்காரர் விக்கெட் காப்பாளரிடம் பிடிகொடுத்தார். அணியினர் உரக்கக் குரலெழுப்பவும் தயங்கினர் என்று அன்று எழுதினர். ஒருவருக்குப் பெருமை கிட்ட வேண்டுமென மற்றவர் அனைவரும் விரும்பினர். ஆனால் விக்கெட் விழுந்துவிட்டது. ஒன்பதும் முரளியின் சாதனையே; பத்தாவது வேறொருவருடையது; வென்றது அணி.

2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிராகத் தம் இறுதி டெஸ்ட் ஆட வந்தபோது அவர் கணக்கு 792. எட்டு வேண்டும். ஏழு கிடைத்த பின் இறுதி விக்கெட் எளிதில் விழவில்லை. 22ஆந் திகதி பிரக்யான் ஓஜாவின் மட்டையிற் பட்ட பந்தை மஹேல ஜயவர்தன பிடிக்க, 133 டெஸ்டுகளில் 800 நிறைந்தது. அந்த எண்ணூறில் எழுபத்தேழு ஜயவர்தனவின் கைகளால் பிடிக்கப்பட்டவை. ஏட்டில் பந்துவீசியவன் பேர் ஒரு புறமும் பிடித்தவன் பேர் ஒரு புறமும் சேர்த்தே எழுதப்படுகின்றன. ஒருவன் பெருமையை எழுதும்போது துணை நின்றவனையும் எழுதுவதற்குக் கிரிக்கெட் ஏடு கண்ட முறை நன்று. எமது கூத்துக்கு அவ்வாறு ஓர் ஏடு இல்லை.

முரளியைப் பற்றி மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். அவர் அரசியல் பற்றிக் கூறிய சில கருத்துக்கள் தமிழரிற் பலருக்கு மனவருத்தம் தந்தன. அவர் வாழ்க்கையைப் படமாக்க முயன்றபோது 2020இல் தமிழ்நாட்டிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வழக்கைத் தீர்ப்பது எம் நோக்கமன்று. ஆனால் அதிலிருந்து எழும் வினா எமக்கும் உரியது. ஒருவன் தன் உழைப்பால் உயர்ந்த பின், சமூகம் அவனிடம் எதைக் கேட்கலாம்? எங்கிருந்து வந்தேன் என்பதை மறவாதே என்று கேட்கலாம், அது நியாயம். நாங்கள் நினைப்பதையே நீயும் நினை, நாங்கள் சொல்வதையே நீயும் சொல் என்று கேட்பது அவனுக்கு மீண்டும் அரைப் பேர் போடுவதாகும். கருத்தில் மாறுபடலாம், மறுத்தும் பேசலாம். எம் பிள்ளை அல்லன் என்று தள்ளுதல் கூடாது.

ஆகவே, எம் வரலாறு எமக்குச் சொல்வதைத் தொகுத்துரைப்போம். தனித்தன்மை வேறு, தனித்தொதுங்கல் வேறு. தன் பெயரால் அறியப்பட வேண்டும், தன் திறனுக்குரிய இடம் வேண்டும், தன் வாழ்வைத் தானே தெரிந்தெடுக்க வேண்டும் என்று இளைஞன் விரும்புவது தனித்தன்மை. அது தகர வில்லைக்கும் துண்டுக்கும் எதிராக எம் பாட்டனார் தொடங்கிய வழக்கின் தொடர்ச்சியேயாகும். தான் உயர்ந்ததும், லயத்தில் இருப்போரின் கூலியும் குடியிருப்பும் இனி என் கவலையன்று என்று வட்டத்தைச் சுருக்கிக்கொள்வது தனித்தொதுங்கல். தொக்வில் அஞ்சியது அதனை. நாமும் அஞ்ச வேண்டியது அதனையே.

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். இளைஞன் தன் பெயரைக் கேட்கும்போது அதைத் தன்னலம் என்று கொள்ளாதீர்கள். கூத்தில் தாளமும் கதையும் மாறாதிருக்கட்டும். யார் எந்த வேடம் கட்டலாம் என்பது மாறட்டும். பாடத் தெரிந்த எம் பெண் ஒருத்தி இரதியாக நின்று புலம்பினால் காமன் கோபிக்க மாட்டான். தப்படிப்பவரின் பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தால் தெய்வம் குறைந்துவிடாது.

இளைஞர்க்கும் ஒரு வேண்டுகோள். கொழும்பிலோ கடல் கடந்தோ உங்கள் பெயர் எழுதப்படும் ஏடுகள் பல உண்டு. அவற்றில் நன்றாக எழுதப்படுக! ஆனால் உங்களைப் பேர் சொல்லி முதன்முதல் அழைத்த இடம் இது. மூன்று இரவுகள் விடுப்பெடுத்து வந்து பொட்டலில் நிற்பதால் உங்கள் தனித்தன்மை தேயாது. நீங்கள் யாரினின்று வேறுபட்டவர் என்பதை அறிந்து சொல்லக்கூடியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

அன்றைய கூட்டத்தின் முடிவையும் கூறி அமைவோம். அவ்விளைஞரின் கேள்விக்குப் பெரியவர் உடனே விடை சொல்லவில்லை. கூட்டம் கலையும் நேரத்தில், “தம்பி, ஒரு கொப்பி இருக்கிறதா?” என்று கேட்டார். இளைஞர் சங்கத்தின் அலுமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து உட்கார்ந்தார். பெரியவர் சொல்லத் தொடங்கினார். முதலில் தமக்குக் கூத்துச் சொல்லித்தந்த வாத்தியாரின் பேர். பின்னர், இறந்துபோன தப்புக்காரர் நால்வரின் பேர், அவர்கள் இருந்த லயம், டிவிசன். பின்னர் ஆண்டுவாரியாக மன்மதன் கட்டியவர், எமன் கட்டியவர், விடிய விடியத் தேநீர் ஊற்றிக் கொடுத்த பெண்கள். இரவு பத்து மணியாகியும் முடியவில்லை. தம் பேரை அவர் சொல்லவேயில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் கேளாமலே ரதி என்ற சொல்லுக்கு எதிரே அதை எழுதினார்.

அக்கொப்பி இப்போது சங்கத்தில் இருக்கின்றது. பல பக்கங்கள் வெறுமையாக உள்ளன. ஒவ்வொரு தோட்டத்து அன்பர்களும் தம் பொட்டலில் ஆடிய, அடித்த, பாடிய, உதவிய ஒவ்வொருவர் பேரையும் ஊரோடு சேர்த்து எழுதித் தருமாறு வேண்டிக்கொள்கின்றோம். அரைப் பேராக யாரையும் எழுத வேண்டாம்.